நகர்ந்து போகும் நகரம்

நகராமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒன்றுக்கு 'நகரம்' என்று பெயர் வைத்த மகானுபாவர் வேடிக்கைப் பிரியராகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெயர் அட்சரம் பிசகாமல் பொருந்தும் ஊர் ஒன்று உண்டு. ஸ்வீடன் தேசத்தின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால் சுமார் 145 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் கிருனாதான் அது. அங்கே வீடுகள் நகர்கின்றன, கடைத்தெரு நகர்கிறது, ரெயில்வே ஸ்டேஷன் எப்போதோ நகர்ந்தாகிவிட்டது. 2025-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஊர்த் தேவாலயமே சக்கரத்தில் ஏறிப் புறப்பட்டுவிட்டது!

ஸ்டாக்ஹோமிலிருந்து ஆகாய விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கிருனா வந்துவிடும். அவசரமில்லாதவர்கள் ரெயிலில் போகவேண்டும் என்பது என் கட்சி. சாயங்காலம் ஏறிப் படுத்துத் தூங்கி எழுந்தால், ஜன்னலுக்கு வெளியே அப்போதும் அதே காடு ஓடிக்கொண்டிருக்கும். ஸ்வீடன் எவ்வளவு நீளமான தேசம் என்பது அப்போதுதான் உறைக்கும். பைன் மரங்கள் மெலிந்து, பூர்ச்ச மரங்கள் குட்டையாகி, கடைசியில் வெள்ளை வெளேரென்று பனியும் அதற்கு நடுவே படிப்படியாக வெட்டிய ஒரு கரிய மலையும் தெரியும். அந்த மலைதான் ஊருக்குத் தாயார். இப்போது ஊரை விரட்டுகிறவளும் அவளே.

மலையின் பெயர் கிருனாவாரா. 'கிருனா' என்பது வெண்பனிக் காலத்தில் இறகெல்லாம் வெளுத்துப் போகும் ஒரு வகைக் காட்டுக்கோழியின் பெயர். எதிரே லுவோசாவாரா என்று இன்னொரு மலை. இரண்டு மலைகளின் பெயரையும் சேர்த்து 1890-இல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். எல்.கே.ஏ.பி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். இன்று அது முழுக்க முழுக்க ஸ்வீடன் சர்க்காரின் சொத்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் தோண்டி எடுக்கப்படும் இரும்புத் தாதில் சுமார் 80 சதவீதம் இந்த ஒரே கம்பெனியின் சுரங்கங்களிலிருந்து வருகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையில் இரும்பு இருப்பது வெகு காலமாகவே தெரியும். ஆனால் அதைக் கொண்டுபோக வழி? மான் இழுக்கும் சறுக்கு வண்டியில் எவ்வளவு இரும்பை ஏற்றுவது! ரெயில் பாதை 1899-இல் கிருனாவை எட்டியது. 1902-இல் மலைத் தொடரைக் குடைந்துகொண்டு நார்வே தேசத்தின் நார்விக் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. கல்ஃப் நீரோட்டத்தின் புண்ணியத்தால் நார்விக் கடல் குளிர்காலத்திலும் உறைவதில்லை. பிற்பாடு 1940-இல் இந்தத் துறைமுகத்துக்காகத்தான் ஜெர்மானியரும் நேசநாட்டாரும் மோதிக்கொண்டார்கள். கிருனாவின் இரும்பு யாருக்குப் போவது என்பதுதான் வழக்கு.

பாதை போட வந்த கூலிகளுக்குச் சமைத்துப் போட்ட பெண்களைப் பற்றி அங்கே நிறையக் கதை சொல்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்குக் 'கறுப்புக் கரடி' என்று பட்டப் பெயர். நல்ல அழகி, வாட்ட சாட்டமானவள், நூற்றுக்கணக்கான முரடர்களைக் கரண்டியாலேயே அடக்கி வைத்தவள் என்கிறார்கள். காசநோயில் செத்தாள் என்று ஒரு சாரார். இன்னொரு சமையற்காரியோடு போட்ட சண்டையில் அடிபட்டு இறந்தாள் என்று இன்னொரு சாரார். டூர்னேஹாம்ன் என்ற இடத்தில், கூலிகளைப் புதைத்த சிறிய இடுகாட்டில் ஒரு சிலுவையைக் காட்டி, "இதுதான் அவள்" என்கிறார்கள். கதை எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. ஆயிரம் பேருக்குச் சோறு வடித்தவளுக்கு ஒரு சிலுவையாவது மிஞ்சியதே!

ஊரை உண்டாக்கியவர் யால்மார் லுண்ட்பூம் என்ற பூகர்ப்ப சாஸ்திரி. கம்பெனியின் முதல் நிர்வாகி. பக்கத்திலுள்ள மால்ம்பெரியட் என்ற சுரங்க ஊரில் ஜனங்கள் பலகைகளையும் தகரத்தையும் சேர்த்துக் குடிசை போட்டு அல்லல்படுவதைப் பார்த்தவர் அவர். "நம் ஊர் அப்படி இருக்கக் கூடாது" என்று தீர்மானித்து, தேர்ந்த கட்டடக் கலைஞர்களை அழைத்து 1900-இல் கிருனாவுக்கு அஸ்திவாரம் போட்டார். குன்றின் தெற்குச் சரிவில், கிடைக்கிற கொஞ்ச வெயிலும் வீணாகாதபடி வீடுகள். காற்று நேராக ஊதித் தள்ளாதபடி வளைந்து வளைந்து போகும் தெருக்கள். தொழிலாளர்களுக்குக் கட்டிய மர வீடுகளின் கூரை அமைப்பைப் பார்த்து ஜனங்கள் 'மைக்கூடு' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். ஆனால் ஒன்று. நூறு வருஷம் போனால் இந்த ஊருக்கு அடியில் என்ன ஆகும் என்று பூகர்ப்ப சாஸ்திரியே யோசித்ததாகத் தெரியவில்லை!

சுரங்கத்துக்குள் போய்ப் பார்க்க விரும்புகிறவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றி, தலையில் ஹெல்மெட்டை மாட்டி, அப்படியே பூமிக்குள் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். லிப்டு அல்ல, நிஜமான தார் ரோடு! பழைய மலையுச்சியிலிருந்து அளந்தால் 540 மீட்டர் ஆழத்தில் பார்வையாளருக்கென்று ஒரு கூடம் இருக்கிறது. நிஜ வேலை நடப்பது இன்னும் வெகு ஆழத்தில். 1,365-ஆவது மீட்டர் மட்டத்தில் ஆளில்லா ரெயில் வண்டிகள் தாது சுமந்து ஓடுகின்றன. கரிய காந்தக்கல் அது. ஒரு சிறு துண்டைக் கையில் வாங்கினால் 'அடேயப்பா, என்ன கனம்!' என்று வாய் தானாகச் சொல்லும்.

இரவு ஒன்றரை மணி வாக்கில் தினமும் வெடி வைக்கிறார்கள். ஊரில் படுத்திருப்பவனுக்குக் கட்டில் இலேசாக ஒரு முறை சிலிர்த்துக்கொள்வது போலத் தோன்றும். உள்ளூர்க்காரர்கள் புரண்டுகூடப் படுப்பதில்லை. 2020-ஆம் வருஷம் மே 18-ஆம் தேதி விடியற்காலையில் வந்தது மட்டும் வேறு ரகம். ரிக்டர் அளவில் 4.9 என்று கணக்கிட்ட அந்த அதிர்ச்சி, சுரங்க வேலையின் விளைவாகவே உண்டானது. நல்ல வேளையாக உயிர்ச் சேதம் இல்லை.

ஊர் ஏன் நகரவேண்டும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். கிருனாவின் இரும்பு, சுமார் நான்கு கிலோமீட்டர் நீளமும் எண்பது மீட்டர் தடிப்புமாக ஒரு பிரம்மாண்டமான பலகை போலப் பூமிக்குள் செருகிக் கிடக்கிறது. செங்குத்தாக அல்ல, சாய்வாக. அதன் அடிப்பாகம் ஊருக்குக் கீழே போகிறது. ஆதியில் மலையுச்சியிலிருந்து வெட்டி எடுத்தார்கள்; பிறகு சுரங்கம் தோண்டி இறங்கினார்கள். தாதை எடுக்க எடுக்க, அதன் மேலே சாய்ந்து கிடக்கும் பாறை நொறுங்கி அந்தக் காலியிடத்தில் விழுகிறது. அது விழுந்தால் அதற்கும் மேலே உள்ள தரை வெடிக்கிறது. ஒவ்வொரு மட்டம் இறங்கும்போதும் அந்த வெடிப்பு ஊரைப் பார்த்து இன்னும் கொஞ்சம் நடந்து வருகிறது. 2004-இல் கம்பெனி நகரசபைக்குச் சமாசாரத்தை எழுதி அனுப்பியது. சுரங்கத்தை நிறுத்துவது, அல்லது ஊரை நகர்த்துவது. சுரங்கத்தை நிறுத்தினால் ஊரில் வேறு என்ன பிழைப்பு? ஊர் நகர்வது என்று முடிவாயிற்று.

மூன்று கிலோமீட்டர் கிழக்கே புதிய மத்தியப் பகுதி எழும்பியிருக்கிறது. 2022 செப்டம்பரில் அதைத் திறந்து வைத்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு மார்க்கெட் விலையும் அதன்மேல் 25 சதவீதமும், அல்லது அதற்குப் பதிலாக ஒரு புது வீடு. மோசமான பேரம் என்று சொல்ல முடியாது. ஆனால் வாடகைக்கு இருந்தவர்களின் கதை வேறு. புது வீடு, புது வாடகை! 1963-இல் கட்டி மறு வருஷமே தேசத்தின் சிறந்த கட்டடம் என்று பரிசு வாங்கிய பழைய நகர மண்டபத்தை இடித்துவிட்டு, அதன் மணிக்கூண்டை மட்டும் பெயர்த்துக்கொண்டுபோய்ப் புது மண்டபத்தின் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். பாட்டியின் தோட்டை மட்டும் பேத்தி போட்டுக்கொண்டது போல இருக்கிறது.

தேவாலயத்தின் விஷயத்தில் மட்டும் அப்படிக் கை வைக்கத் துணியவில்லை. 1912-இல் கட்டி முடித்த மரக் கோயில் அது. சாமி ஜனங்களின் கூடாரத்தைப் போன்ற வடிவத்தில் குஸ்தாவ் விக்மன் என்ற சிற்பி அதை அமைத்தார். உள்ளே பீடத்துக்கு மேல் இருக்கும் சித்திரம், ராஜ குடும்பத்தைச் சேர்ந்த யூஜின் இளவரசர் வரைந்தது. அதில் தேவதூதர்கள் இல்லை, சிலுவை இல்லை. வெயில் காயும் ஒரு சோலையும் புல்வெளியும் மட்டுமே. டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில் மறையும் சூரியன் புது வருஷம் பிறந்த பிறகுதான் தலை காட்டுகிற ஊரில், சுவர்க்கம் என்று வெயிலை வரைந்து வைத்தாரே, அவரல்லவா மனசு அறிந்தவர்!

672 டன் எடையும் 40 மீட்டர் அகலமும் உள்ள அந்தக் கட்டடத்தை ஒரு பலகையைக்கூடக் கழற்றாமல் தூக்கி, சக்கர வண்டிகளின்மேல் ஏற்றி, 2025 ஆகஸ்டு 19, 20 தேதிகளில் ஐந்து கிலோமீட்டர் தூரம் உருட்டிக்கொண்டு போனார்கள். அதற்காக ரோட்டை 24 மீட்டர் அகலமாக்கினார்கள். ஒன்பது மீட்டர் அகலமிருந்த ரோடு அது! வேகம், மணிக்கு அரை கிலோமீட்டரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் வரை. நம் ஊர்த் தேர் இதைவிட வேகமாகப் போகும். ஆனாலும் தேர் பார்க்கிற மாதிரியே ஜனங்கள் இரு பக்கமும் கூடி நின்றார்கள். ராஜா வந்திருந்தார். தேசம் முழுவதும் டெலிவிஷனில் மணிக்கணக்காகப் பார்த்தது.

புதுக் கடைத்தெருவில் ஒரு காபிக் கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மாள், சூடான காபியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுக் கரண்டியால் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கத்துப் பழக்கம் அது. கும்பகோணம் டிகிரி காபிக் கட்சியைச் சேர்ந்தவனுக்குப் பார்க்கவே சங்கடமாக இருந்தாலும், அவர் நீட்டிய துண்டை மறுக்கவில்லை. வாயில் வைத்தால் 'நறுக் நறுக்' என்கிறது. மோசமில்லை.

"பழைய வீடு ஞாபகம் வருமா, அம்மா?" என்று கேட்டேன்.

"வீடு இருந்த இடத்தில் இப்போது புல் வளர்கிறது. வேலி போட்டுவிட்டார்கள்" என்றார். "என் தகப்பனார் சுரங்கத்தில் வேலை பார்த்தார். என் புருஷனும் அங்கேதான். சுரங்கம் இல்லாவிட்டால் நானே இல்லை. அதனால் யார்மேல் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை."

"புது வீடு சௌகரியமாக இருக்கிறதா?"

"ரொம்பச் சௌகரியம்! லிப்டு இருக்கிறது, ஜன்னல் இறுக்கமாக மூடுகிறது. வெளியே போனால்தான் குளிர் அதிகம்" என்று சிரித்தார்.

கிழவி சும்மா சொல்லவில்லை. பழைய ஊர் சரிவில் இருந்தது. புதிய ஊரோ தாழ்ந்த தரையில் இருக்கிறது. கனமான குளிர்காற்று பள்ளத்தில் வந்து தேங்குகிறது. லுண்ட்பூம் காற்றைப் பார்த்து வளைத்த தெருக்களை இவர்கள் நேராகப் போட்டுவிட்டார்கள் என்று விமரிசனம் இருக்கிறது. எனக்கும் அதுதான் அபிப்பிராயம். மார்ச் மாதத்தில் அந்தத் தெருவில் காதை மூடாமல் இரண்டு பர்லாங் நடந்தவனுக்கு வேறு அபிப்பிராயம் வராது.

முதலில் சுமார் 6,000 பேர் இடம் பெயரவேண்டும் என்றார்கள். தேவாலயம் போய்ச் சேர்ந்த சில நாட்களில், இன்னும் 6,000 பேரும் சுமார் 2,700 வீடுகளும் நகரவேண்டியிருக்கும் என்று கம்பெனி அறிவித்தது. போதாக்குறைக்கு, 2023 ஜனவரியில் ஊருக்கு வடக்கே பெர் கெய்யர் என்ற இடத்தில் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிய மண் ஆக்ஸைடுகள் கிடப்பதாகச் செய்தி வெளியாயிற்று. மின்சார மோட்டார்களுக்கும் காற்றாலைகளுக்கும் வேண்டிய சரக்கு. உலகமே கை தட்டியது. கை தட்டாதவர்கள் சாமி ஜனங்கள்.

இந்த மண்ணுக்கு ஆதியில் உரியவர்கள் அவர்கள்தான். கலைமான் மந்தைகளோடு கோடையில் மலைக்கும், குளிர்காலத்தில் காட்டுக்கும் போய் வருகிறவர்கள். காப்னா என்ற சமூகத்தாரின் மந்தைகள் போகும் வழி ஏற்கெனவே சுரங்கம், ரோடு, ரெயில் எல்லாவற்றாலும் குறுகிக் கிடக்கிறது. புதுச் சுரங்கமும் வந்தால் அந்த வழி அடியோடு துண்டாகிவிடும் என்கிறார்கள். வீட்டைச் சக்கரத்தில் ஏற்றலாம், கோயிலை ஏற்றலாம். மான் போகிற பாதையை எதில் ஏற்றுவது? நான் கேட்ட மட்டில் இதற்குத் திருப்தியான பதில் யாரிடமும் இல்லை.

சாமிக்காரர் ஒருவரைச் சந்தித்தால், "உங்களுக்கு எத்தனை மான்கள்?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. பாங்கியில் எவ்வளவு பணம் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பது மாதிரி. ரெயிலில் பக்கத்து ஸீட்காரரிடம் ஐந்தாவது நிமிஷத்தில் சம்பளத்தை விசாரித்துவிடுகிற நமக்கு இது சற்றுக் கஷ்டமான நியமம்தான்!

சுரங்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லாமலா உலகத்து ஜனங்களெல்லாம் அங்கே போகிறார்கள்! ஊரிலிருந்து சுமார் 17 கிலோமீட்டர் தூரத்தில் யூக்காஸ்யார்வி என்று ஒரு கிராமம். அங்கே வருஷா வருஷம் டூர்னே நதியில் உறைந்த பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்தெடுத்து ஓர் ஓட்டல் கட்டுகிறார்கள். சுவர் பனிக்கட்டி, தூண் பனிக்கட்டி, கட்டில் பனிக்கட்டி. கட்டிலின்மேல் மான் தோல், அதன்மேல் உறை போன்ற கம்பளிப் படுக்கை. உள்ளே எப்போதும் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்திலிருந்து எட்டு டிகிரி. வெளியே முப்பது டிகிரி கீழே போகும் இரவில் அதுவே கதகதப்பாம்! 1989-ஐ ஒட்டி ஆரம்பித்த இந்த வழக்கம் இன்றும் நடக்கிறது. வசந்தம் வந்ததும் ஓட்டல் உருகி, வந்த வழியே ஆற்றுக்குத் திரும்பிவிடும். ராத்திரி தங்கக் கட்டணம் கொஞ்சமல்ல. பகலில் சுற்றிப் பார்த்துவிட்டு வெந்நீர்க் குழாய் உள்ள அறைக்குத் திரும்புவது குடும்பஸ்தர்களுக்கு உசிதம்.

அதே கிராமத்தின் மரத் தேவாலயம் பனிக்கட்டி ஓட்டலைவிட என்னைக் கவர்ந்தது. 1607-இல் தோன்றிய ஆலயம். உள்ளே பிரோர் யோர்த் என்ற கலைஞர் 1958-இல் மரத்தில் செதுக்கிய பீடச் சித்திரம் இருக்கிறது. குடிக்கு எதிராக இந்தப் பிரதேசத்தையே உலுக்கிய லெஸ்தாடியஸ் பாதிரியார் பிரசங்கம் செய்கிறார். சாமி ஜனங்கள் கேட்டுக் கதறுகிறார்கள். வர்ணமெல்லாம் நம் ஊர்த் திருவிழாப் பொம்மைகள் மாதிரி பளிச்சென்று இருக்கிறது.

நாய் வண்டிச் சவாரி இன்னொரு வேடிக்கை. புறப்படும் வரை அத்தனை நாய்களும் குரைத்து வானத்தைப் பிளக்கின்றன. வண்டி நகர்ந்த கணத்தில் ஒரே நிசப்தம்! பனியில் சறுக்கும் கட்டையின் ஓசை ஒன்றுதான் கேட்கும். கோடையில் போகிறவர்களுக்கு இது கிடைக்காது. அதற்குப் பதிலாக மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை நடு வரை அஸ்தமிக்காத சூரியனும், அதைவிடச் சளைக்காத கொசுக்களும் கிடைக்கும்.

மேற்கே ரெயிலில் போனால் அபிஸ்கோ. 1909-இல் ஐரோப்பாவிலேயே முதன்முதலாக அமைத்த தேசிய வனங்களில் ஒன்று. மலைத் தொடர் மழையைத் தடுத்துவிடுவதால் ஸ்வீடனிலேயே மிகக் குறைவாக மழையும் பனியும் பெய்யும் இடங்களில் அதுவும் ஒன்று. மேகமில்லாத வானம் என்றால் வட துருவ ஒளியைப் பார்க்கத் தோதான இடம் என்று அர்த்தம். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை அதற்குப் பருவம். சூரியனிலிருந்து வரும் மின் துகள்கள் பூமியின் காந்தப் பிடியில் சிக்கி, நூறு கிலோமீட்டருக்கு மேலே காற்றில் மோதி ஒளிர்கின்றன என்று புஸ்தகத்தில் படித்திருப்போம். படித்ததெல்லாம் அந்தப் பச்சைத் திரை தலைக்கு மேல் அசையும்போது மறந்து போகிறது. புகைப்படத்தில் தெரிகிற அவ்வளவு வர்ணம் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆனால் புகைப்படம் அசையாதே!

அந்த ஒளியை ஆராய்வதற்கென்றே கிருனாவில் 1957-இல் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். அதுதான் இன்று ஸ்வீடனின் விண்வெளி இயற்பியல் கழகமாக இருக்கிறது. நமக்கும் அதற்கும் ஒரு பந்தம் உண்டு. 2008 அக்டோபர் 22-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான்-1, 'சாரா' என்ற கருவி ஒன்றைச் சுமந்து சென்றதல்லவா? அதை உருவாக்கியதில் கிருனாக் கழகத்துக்கும் திருவனந்தபுரத்து விஞ்ஞானிகளுக்கும் பங்கு உண்டு. அந்த விண்கலத் திட்டத்தின் இயக்குநர், பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியைச் சேர்ந்த மயில்சாமி அண்ணாதுரை. பனிக்காட்டில் நின்றுகொண்டு கோதவாடியை நினைக்க ஒரு சந்தர்ப்பம்!

நடக்கக் காலில் தெம்புள்ளவர்களுக்கு அபிஸ்கோவிலிருந்து தெற்கே 'ராஜ பாதை' ஆரம்பமாகிறது. சுமார் 440 கிலோமீட்டர். வழியில் கெப்னேகைசே மலை. அதன் தென்சிகரம் பனிக்கட்டியால் ஆனது. அது உருகி உருகி, 2019-இல் பக்கத்திலுள்ள பாறைச் சிகரத்தைவிடக் குள்ளமாகிவிட்டது. ஆக, ஸ்வீடனின் உச்சியும் இடம் மாறிவிட்டது.

போகிறவர்கள் ஒரே தடித்த கோட்டை நம்பாமல் மெல்லிய கம்பளி உடைகளை அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்ளவேண்டும். சைவர்கள் திண்டாடவேண்டாம், தட்டை ரொட்டி, உருளைக்கிழங்கு, சதுப்பு நிலத்தில் பழுக்கும் ஆரஞ்சு நிறக் காட்டுப்பழத்தின் ஜாம், இவை எங்கும் கிடைக்கும். அபிஸ்கோ ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருக்கும்போது தாது ரெயில் ஒன்று கடந்து போனால் எண்ணிப் பாருங்கள்: 68 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் நூறு டன், முக்கால் கிலோமீட்டர் நீளம். மலையிலிருந்து நார்விக் கடலை நோக்கி இறங்கும்போது பிரேக் போடுவதிலேயே அது மின்சாரம் உண்டாக்குகிறது. காலிப் பெட்டிகள் எல்லை வரை திரும்ப மேலேறி வருவதற்கு அந்த மின்சாரமே போதுமாம்.